கம்பியில் இட்ட சிவப்புக் கோடுகள்

தேதிகள் யாவும் இந்த ஊர்க் கணக்கில்.

புரட்டாசி 12. அமெரிக்காவிலிருந்து மகன் பேசினான். மான் வேட்டைக்காக, குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னான்.

புரட்டாசி 27. வாங்கினான்.

ஐப்பசி 24. அவன் இருந்த மாநிலத்தில் அவ்வகைத் துப்பாக்கிக்குரிய வேட்டைப் பருவம் தொடங்கியது.

கார்த்திகை 4. தனியாகக் காட்டுக்குப் போனான். இருட்டிய பிறகும் திரும்பவில்லை. தேடிப்போன வன அலுவலர்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்த நிலையில் அவனைக் கண்டார்கள். மாரடைப்பு. துப்பாக்கி மடியில் இருந்தது. சுடப்படவில்லை.

கார்த்திகை 7. அலுவலர்கள் துப்பாக்கியை மருமகளிடம் ஒப்படைத்தார்கள்.

கார்த்திகை 9. உடல் அங்கேயே தகனம் செய்யப்பட்டது. விசா இல்லாததால் நான் போக இயலவில்லை.

கார்த்திகை 18. மருமகளின் தம்பி காலையில் தொலைபேசியில் அழைத்தார்.

சுடப்படவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவருக்கும் அந்தச் சொல் உறைக்கவில்லை. உறைத்திருக்க நியாயமும் இல்லை. மற்றத் துப்பாக்கிகளில் தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம். வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கியில் உள்ளே போனது சுட்டால்தான் வெளியே வரும், அல்லது வேலை மெனக்கெட்டு எடுக்க வேண்டும். சுடப்படவில்லை என்றால் மருந்தும் குண்டும் அந்தக் குழலின் அடியில், அவன் தன் கையால் கெட்டித்தபடியே இருக்கின்றன என்று பொருள். அவனைத் தகனம் செய்த பிறகும் அவை அங்கேயே இருந்தன.

இதை நான் அறிந்திருந்ததற்குக் காரணம், அந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பங்கு இருந்ததுதான். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். திருவையாற்றுக்கு அருகே, குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். மனைவி காலமான பிறகு வீட்டில் நான் ஒருவன். ஒரே மகன் வாரத்தில் சில நாட்கள் காலையில் பேசுவான். அங்கே அது முந்தைய நாள் மாலை. பேசுவதற்கு எங்கள் இருவருக்கும் அதிகம் இருந்ததில்லை. துப்பாக்கி வாங்குவது என்று அவன் சொன்ன நாளிலிருந்துதான் பேச்சு நீண்டது.

"மானெல்லாம் இங்க நம்ம ஊரு மயில் மாதிரிப்பா. தோட்டத்துல ஒண்ணு விட மாட்டேங்குது. ரோட்டுல குறுக்க பாய்ஞ்சு கார்ல அடிபட்டுச் சாகுது. இவங்களே பர்மிட் கொடுத்துச் சுடச் சொல்றாங்க."

"அதுக்கு ஏன் அரதப்பழசான துப்பாக்கி?"

"கெட்டிக்கற முறைதாம்ப்பா பழசு. துப்பாக்கி புது மாடல். ஒரே ஒரு குண்டு. தப்பினா மான் பொழச்சுது. இதுக்குன்னு தனிப் பருவம் இருக்கு, காட்டுல கூட்டம் இருக்காது. ஆபீஸ்ல ஒருத்தர் போன வருஷம் என்னையும் கூட்டிட்டுப் போனார். சும்மா உக்காந்திருந்தேன். அம்மா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் மனசு கொஞ்சம் அடங்குச்சு."

"புரட்டாசி மாசத்துல துப்பாக்கி வாங்கறே. உங்கம்மா இருந்தா வீட்டுக்குள்ள விட மாட்டா."

"சனிக்கிழமையில வாங்க மாட்டேம்ப்பா, போதுமா?"

சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கிச் சொன்னான்: "வேற ஒண்ணும் இல்லப்பா. அம்மாவுக்குப் போட்டாங்களே, வேட்டு, அதேதான். மேலேர்ந்து மருந்து, அப்புறம் கம்பியால இடி."



எங்கள் பக்கத்தில் இறந்தவரை வேட்டு இல்லாமல் அனுப்புவதில்லை. கனத்த இரும்புக் குழாய்களைக் கரையில் வரிசையாக நட்டு, வாய்வழியே மருந்து கொட்டி, செங்கல் தூளை மேலே போட்டு இடித்து, திரி வைப்பார்கள். என் மனைவியின் ஊர்வலத்தன்று தூறல் இருந்தது. முதல் சுற்று வெடித்து முடிந்தது என்று எண்ணி வேட்டுக்காரர் குழாய்களை மறுபடி கெட்டித்தார். ஒரு குழாய் ஈரத்தில் நமுத்து வெடிக்காமல் நின்றிருந்தது. புகையில் அது தெரியவில்லை. மருந்தின்மேல் மருந்து ஏறியது. பற்றவைத்தபோது குழாய் மேல்நோக்கி வெடிக்கவில்லை, நெடுக்கில் பிளந்தது. வேட்டுக்காரரின் வலக்கைக் கட்டைவிரல் போயிற்று. தெறித்த இரும்புச் சிம்பு ஒன்று கரையோரத்துப் பூவரசில் போய்ப் பதிந்தது. என் மகன் அப்போது கொள்ளிச்சட்டியுடன் முன்னே நடந்துகொண்டிருந்தான். கொள்ளிச்சட்டி ஏந்தியவன் திரும்பிப் பார்க்கலாகாது என்பது முறை. அவன் பார்க்கவில்லை. மற்ற வேட்டுகளைப் போலில்லாத அந்த ஓசையை மட்டும் கேட்டான்.

கடையிலிருந்து வீடியோவில் அழைத்து எனக்கு மூன்று துப்பாக்கிகளைக் காட்டினான். முதலாவது பார்க்க அழகானது. வால்நட் மரக்கட்டை, பக்கவாட்டில் சுத்தியல். அவன் மனம் அதில்தான் இருந்தது. ஆனால் பற்றவைக்கும் இடம் வெளியே திறந்து கிடந்தது. மழையில் நமுத்துப்போகக் கூடியது. நமுத்தது எது, வெடித்தது எது என்று தெரியாமல் போகும் பொருளை நான் ஒருமுறை பார்த்தாயிற்று. மற்ற இரண்டும் புதிய அமைப்பு. பிரைமர் என்னும் சிறு பித்தளை மூடி குழலுக்கு நேர் பின்னால், ஈரம் புகாமல் அடங்கியிருக்கும். அங்கிருந்து எழும் பொறி நேராக மருந்துக்குப் போகும். இரண்டில் ஒன்று எடை குறைவு. இன்னொன்று கனம், கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை.

"இது உலக்கை மாதிரி இருக்குப்பா."

"சுடாமலே உள்ள இருக்கறத வெளிய எடுக்க முடியுமான்னு மட்டும் கடைக்காரர்கிட்ட கேளு."

அவன் கேட்டான். அப்பால் ஒருவர் உரக்கச் சிரிப்பது கேட்டது.

"வாங்கறதுக்கு முன்னாடியே சுடாம எப்படி எடுக்கறதுன்னு கேட்ட முதல் ஆளு நீங்கதானாம். இந்த உலக்கையில பின்மூடியக் கையாலயே திருகி எடுத்துடலாமாம். முன்னாலேர்ந்து தள்ளினா எல்லாம் பின்னால விழுந்துடும். அந்த லேசானதுக்கு ஸ்பேனர் வேணுமாம். அழுக்கேறினா இறுகிக்குமாம்."

"அப்ப உலக்கையே வாங்கு."

"நீங்க சுடப்போறீங்களா, நான் சுடப்போறேனா?" என்றான். ஆனாலும் அதையே வாங்கினான்.

வாங்கிய பிறகும் ஒன்று சொன்னேன். கெட்டிக்கும் கம்பியில் இரண்டு கோடுகள் போட வேண்டும். குழல் வெறுமையாக இருக்கும்போது கம்பியை அடிவரை விட்டு, வாயோடு ஒட்டி ஒரு கோடு. மருந்தும் குண்டும் கெட்டித்த பிறகு கம்பி அவ்வளவு இறங்காது; அப்போது வாயோடு ஒட்டி இன்னொரு கோடு. பிறகு எந்த நாளில், யார் எடுத்தாலும், கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தால் குழலில் இருப்பது தெரிந்துவிடும்.

"சரிப்பா, போட்டுக்கறேன்."

அந்தச் சொல்லை அவனுடைய பள்ளி நாட்களிலிருந்தே நான் அறிவேன். அதில் சம்மதமும் இராது, மறுப்பும் இராது. பேச்சை முடித்துக்கொள்வதற்கு அவன் கண்டுபிடித்த வழி அது.

பருவம் தொடங்கியபின் ஒரு காலையில் கேட்டேன், காட்டிலிருந்து வந்ததும் மருந்தை எடுத்துவிட்டாயா என்று.

"எதுக்குப்பா? மறுநாள் மறுபடி போகணும். பிரைமர எடுத்துடுவோம். பிரைமர் இல்லன்னா இங்க சட்டப்படி அது காலித் துப்பாக்கி. எல்லாரும் அப்படித்தான் வெப்பாங்க."

சட்டத்துக்கு அது போதும். குழலுக்குப் போதாது. நான் அதை அவனிடம் சொன்னேன். "சரிப்பா" என்றான்.

கார்த்திகை ஏழாம் தேதி மருமகள் பேசினாள். அலுவலர்கள் அவனுடைய கைக்கடிகாரம், பூட்ஸ், பிளாஸ்க், துப்பாக்கி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். வரிசையாக அவள் சொல்லிவந்ததில் துப்பாக்கியும் ஒன்று.

"காலிதான்னு சொன்னாங்க மாமா. சீட்டு எழுதிக் கட்டியிருக்காங்க."

"எங்கம்மா வச்சிருக்கே?"

"கராஜுல, கோட்டு மாட்டற அலமாரியில."

"அத யாரும் தொட வேண்டாம்மா."

"யார் மாமா தொடப்போறா?" என்றாள். அவள் குரலில் வேறு எதற்கும் இடமில்லை. தகனம் இன்னும் முடியவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. கோட்டுகளுக்குப் பின்னால், ஒருவரும் திறக்காத அலமாரியில் அது சாய்ந்து நிற்கட்டும். எல்லாம் முடிந்தபின் விவரமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இங்கே மழை விடவில்லை. அடுத்தடுத்துக் காற்றழுத்தத் தாழ்வு. குடமுருட்டி செம்மண் நிறத்தில் கரையை உரசிப் போய்க்கொண்டிருந்தது. சம்பா நடவு முழுகி, நுனிகள் மட்டும் தெரிந்தன. கட்டைவிரல் இழந்த அந்த வேட்டுக்காரர் குடையுடன் வந்து வாசலில் நின்றார். "கருமாதிக்கு வேட்டு சொல்லிடட்டுங்களாய்யா?" என்றார். வேண்டாம் என்றேன். 

பதினெட்டாம் தேதி காலையில் மருமகளின் தம்பி அழைத்தார். மன்னார்குடியில் வளர்ந்தவர், அமெரிக்காவிலேயே வேறொரு மாநிலத்தில் வேலை. அக்காவுக்குத் துணையாக வந்து, ஓடியாடி எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தார். கெட்டிக்காரர். நல்லவர்.

"மாமா, விடிஞ்சதும் இங்க ஆத்துல சாம்பல் கரைக்கறோம். பர்மிஷன் வாங்கிட்டேன்."

"ரொம்ப நல்லது தம்பி."

"ஒண்ணுதான் மனசுல உறுத்துது. மச்சான் போனப்ப ஒரு வேட்டுச் சத்தம் இல்ல. பேங்க்ல வரிசையில நின்னு கையெழுத்துப் போட்டு அனுப்பின மாதிரி அனுப்பிட்டோம். நம்ம பக்கம் ஒரு மனுஷன அப்படி அனுப்புவாங்களா மாமா?"

அவரே தொடர்ந்தார்.

"அதான், மச்சானோட துப்பாக்கி இருக்குல்ல? குண்டு கிண்டு எதுவும் வேண்டாம். வெறும் மருந்தக் கெட்டிச்சு, வானத்தப் பாத்து ஒரே ஒரு வேட்டு. ஆத்தங்கரைப் பண்ணைக்காரர் சரின்னுட்டார். மருந்து, கேப்பு, அதான் பிரைமரு, எல்லாம் மச்சான் பெட்டியிலேயே இருக்கு. வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்."

"தம்பி, அதுல ஏற்கெனவே மருந்து இருக்கு. குண்டும் இருக்கு."

"இல்ல மாமா. காலின்னு எழுதியே கட்டியிருக்கான். நானும் தொறந்து பாத்தேன், கேப்பு இல்ல."

"கேப்பு பின்னால வெக்கறது. மருந்து முன்னால குழலுக்குள்ள இருக்கும். நீங்க தொறந்து பாத்தா அது தெரியாது."

"போலீசுக்காரனே பாத்துக் கொடுத்திருக்கான், மாமா. அவனுக்குத் தெரியாமயா? நீங்க கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சா நான் ஃபெயிலுதான்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு படம் உறைந்தது. வாய் திறந்தபடி அவர் முகம் கொஞ்ச நேரம் திரையில் நின்று, பிறகு அதுவும் போயிற்று. ஊரில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரமும் அடங்கிவிட்டது.

அவர் செய்ய இருந்தது எனக்குக் கண்ணால் காண்பதுபோலத் தெரிந்தது. உள்ளே இருக்கும் மருந்து, அதன்மேல் குண்டு, அதன்மேல் இவர் போடும் புது மருந்து. ஒன்று, வெற்று வேட்டு என்று எல்லோரும் அண்ணாந்து நிற்கையில் குண்டு புறப்படும். அல்லது குழல் தாங்காமல் அவர் கன்னத்தோரம் பிளக்கும். அக்கா பக்கத்தில் நின்றிருப்பாள், சாம்பல் கலயத்துடன்.

சிக்னல் கிடைக்கும் இடம் தேடித் திருவையாற்றுக்கு டவுன் பஸ் ஏறினேன். சாலையில் தண்ணீர் ஓடியதால் ஊர்ந்துதான் போனது. பஸ் நிலையத்தில் தொலைபேசிக்கு உயிர் வந்ததும் இருவருக்கும் எழுதினேன்: "துப்பாக்கியில் குண்டு இருக்கிறது. தொடவேண்டாம்." செய்தி போய்ச் சேர்ந்தது, யாரும் படிக்கவில்லை. அங்கே அவர்கள் தூங்கும் நேரம். காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஒருமுறை, "யாருக்காவது காத்திருக்கீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அங்கே விடிவது இங்கே மாலையில். இடையிடையே அழைத்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அது எடுக்கப்படும்போது எதிர்முனையில் என்ன ஓசை கேட்கும் என்று நினைக்காமல் இருக்க, எதிரே நின்ற பஸ்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மழை சற்று விட்ட நேரத்தில் மருமகள் எடுத்தாள்.

"மாமா, இப்பத்தான் எழுந்தேன். என்ன இத்தனை தடவை—"

"தம்பி எங்கம்மா?"

"கராஜுல. பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு ஏதோ பண்றான்."

"போம்மா. கையில இருக்கறதக் கீழ வெக்கச் சொல்லு. போனையும் எடுத்துக்கிட்டுப் போ."

படி இறங்கும் ஓசை கேட்டது. பிறகு திரையில் கராஜ் தெரிந்தது. அவர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தார். உள்ளங்கையில் மருந்து. அது தூளாக வராது. சுண்ணாம்புக் கட்டி போல உருட்டிய சிறு துண்டுகள். இரண்டு வைத்திருந்தார்.

"மாமா, நான்தான் சொன்னேன்ல—"

"தம்பி, எனக்காக ஒண்ணு செய்யுங்க. அந்தக் கம்பிய எடுத்து, முகத்தத் தள்ளி வச்சுக்கிட்டுக் குழலுக்குள்ள விடுங்க. லேசா விட்டாப் போதும்."

ஒரு கிழவரின் மனம் கோணாமல் இருக்க அவர் அதைச் செய்தார். கம்பி இறங்கியது. அடியில் போய் நின்ற ஓசை தொலைபேசியில் எனக்குக் கேட்டது. நெல் மூட்டையில் குத்தூசி இறங்கினாற்போல, மந்தமாக.

"கம்பியில ஏதாவது கோடு இருக்கா பாருங்க."

அவர் குனிவதற்குள் மருமகள் சொன்னாள். "ரெண்டு இருக்கு மாமா. சிவப்பா." பிறகு, "இது என் நெயில் பாலிஷ்" என்றாள். "காணோம் காணோம்னு தேடினேன்."

அவன் போட்டிருக்கிறான் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

"எந்தக் கோடும்மா குழல் வாயோட ஒட்டி நிக்குது?"

"கீழ்க்கோடு. மேல இருக்கறது வெளியிலயே நிக்குது. நாலு விரக்கடை இருக்கும்."

"அந்த நாலு விரக்கடைதான் தம்பி, மருந்தும் குண்டும்."

அவர் உள்ளங்கையில் இருந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தார். மெதுவாகக் கராஜின் தரையில் உட்கார்ந்தார். இரண்டையும் திரும்பப் பெட்டியில் போட்டார்.

என் மகனுக்கு வேட்டை பழக்கிய அலுவலக நண்பரை வரவழைக்கச் சொன்னேன். அவர் வரும்வரை இருவரும் கராஜை விட்டு வெளியே இருந்தார்கள். வந்ததும் மறுபடி என்னை அழைத்தார்கள். அவர் துப்பாக்கியை இடையில் மடித்துத் திறந்து, பின்மூடியை இரண்டு விரலால் திருகினார். இறுகவில்லை, சுழன்று வந்துவிட்டது. முன்னாலிருந்து கம்பியால் தள்ளினார். விரித்திருந்த துணியில் இரண்டு மருந்துத் துண்டுகளும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு குண்டும் விழுந்தன. மருந்தை வாளித் தண்ணீரில் போட்டார். என் மகன் ஏதோ ஒரு காலையில், இருட்டில், தன் கையால் செய்தது அவ்வளவும் அவிழ்ந்துவிட்டது. செம்மையாகக் கெட்டித்திருந்தான் என்று அந்த நண்பர் சொன்னதாக மருமகள் மொழிபெயர்த்தாள்.

பின்மூடியை மறுபடி பூட்டச் சொல்லி, கம்பியை இன்னொரு முறை விடச் சொன்னேன். இந்த முறை இரும்பும் இரும்பும் மோதும் ஓசை, கணீரென்று. கீழ்க்கோடு உள்ளே மறைந்துவிட்டது என்றாள்.

அன்று அவர்கள் சாம்பலை வேட்டு இல்லாமல் கரைத்தார்கள். மறுநாள் இங்கே கருமாதியும் அப்படியே நடந்தது.

செய்யாமல் நிற்பவை:

மேலவயல் வடிகாலை வெட்டிவிட வேண்டும். இன்னும் தண்ணீர் வடியவில்லை.

சாம்பலில் ஒரு பங்கை மருமகள் அனுப்புகிறாள். வந்து சேர்ந்ததும் திருவையாற்றுப் படித்துறையில் கரைக்க வேண்டும்.

அந்தக் குண்டு அவள் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். பதில் எழுதவில்லை.

பூவரசில் பதிந்த இரும்பை எடுக்க வேண்டும். மரம் அதைச் சுற்றி மூடிக்கொண்டு வருகிறது.

துப்பாக்கியை அந்த நண்பர் எடுத்துக்கொள்ளட்டும். கம்பியை மட்டும் எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.